முன்னாடி போற வண்டி

"துரைராஜ் வண்டி பிச்சாவரத்துக்கு வரக் கூடாது. அது வந்தா நான் வரல!"

ஜெயப்பிரகாஷ் சார் டீ கிளாஸை டொக்குனு பெஞ்சில வச்சார். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில எங்க டவுன்ஷிப் கார் பைத்தியங்கள் கூடுற டீக்கடை அது, மெயின் பஜார் பக்கத்துல. ஆளுக்கு ஒரு வண்டிச் செய்தி, ஒரு வீட்டுச் செய்தி சொன்னாத்தான் ரெண்டாவது டீ. இந்தச் சட்டத்தைப் போட்டவர் ஹபீப் பாய்.

"வண்டியப் பத்தியே பேசிக்கினு இருந்தா வூட்ல இருக்கறவங்க நம்மள மறந்துடுவாங்கப்பா" என்பார்.

அன்னிக்கு ராஜேந்திரன் வண்டிக்குப் புது வைப்பர், மகனுக்குக் கோயம்புத்தூர்ல வேலை. எனக்கு மைலேஜ் கூடியிருந்தது, பொண்டாட்டியோட சண்டையும் தீர்ந்திருந்தது. எனக்குத்தான் கைதட்டல் அதிகம்.

அடுத்து ஜெயப்பிரகாஷ் சார் முறை. அவர்தான் இப்படிக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"அப்படி என்ன சார் பண்ணிட்டாரு துரைராஜ்?" என்றேன்.

"இந்த வாரம் பூரா எனக்கு நைட் ஷிப்ட். முடிச்சுட்டுக் கண்ணு எரிய வர்றேன், தினமும் எனக்கு முன்னாடி இவர் வண்டி! இருபதுல உருட்டுறாரு. ரவுண்டானாவுல ஆஃப் ஆகி நிக்குது. ஹாரன் அடிச்சா இன்னும் மெதுவாப் போகுது. மனுஷனுக்கு எரிச்சல் வருமா வராதா?"

எல்லாரும் துரைராஜைப் பாத்தோம். கம்மாபுரத்துக்காரர், மைன்ஸ்ல எலக்ட்ரீஷியன், சாருக்கு ரெண்டு குவார்ட்டர்ஸ் தள்ளி வீடு.

"வண்டி பழசுங்க சார். கிளட்ச் கொஞ்சம் தகராறு பண்ணுது" என்றார் மெதுவா.

அந்த வண்டிய நானே ஓட்டியிருக்கேன். பழசுதான், ஆனா கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கும். மனுஷன் எதுக்குக் கூசாமப் பொய் சொல்றார்னு எனக்குக் கோபமே வந்துச்சு.

"பாருங்க துரைராஜ், வரிசையா ஆறு வண்டி, குடும்பம் குடும்பமாப் போறோம். நடுவுல ஒருத்தர் உருட்டிக்கிட்டு வந்தா மத்தவங்க கதி? என் வண்டி வாங்கி ரெண்டு வருஷமாச்சு, ஒரு கீறல் கிடையாது. சாவிய என் வீட்டம்மா கையிலகூடக் குடுத்ததில்ல. அவ லைசென்ஸ் பீரோவுல கிடக்குது, கிடக்கட்டும்!"

சார் சிரிச்சார். நாங்களும் சிரிச்சு வச்சோம்.

பிச்சாவரம் போறதைப் பத்தி எங்க எல்லாரையும்விட அதிகமாப் பேசினவர் துரைராஜ்தான். அதுக்குன்னே நாலு டயரையும் மாத்தி வச்சிருந்தார், பாவம்.

"நீ என்னப்பா சொல்ற?" ஹபீப் பாய் கேட்டார்.

"எல்லாருக்கும் சரின்னா சரிங்க பாய். நாங்க பஸ்ல வந்துடறோம்."

சொன்னாரே தவிர, பார்வை ரோட்டுலயே இருந்துச்சு. நெத்தியெல்லாம் வேர்வை. அவமானம் யாருக்குத்தான் தாங்கும்? அப்பத்தான் கவனிச்சேன், அவர் வண்டி அங்க இல்ல.

"வண்டி எங்கண்ணே?"

"வந்துகினு இருக்குது."

சொல்லி வாய் மூடல, திருப்பத்துல அவர் வண்டி தெரிஞ்சுது. ஊர்ந்து ஊர்ந்து வந்துச்சு. வேகத்தடையில ஆஃப் ஆச்சு. மறுபடி உறுமிக் கிளம்பி, எங்க பெஞ்சு ஓரமா வந்து ஒரு குலுக்கு குலுக்கி நின்னுச்சு. முன் கண்ணாடியில வெயில் அடிச்சதுல உள்ள யாருன்னு தெரியல.

"பாத்தீங்களா? இதத்தான் சொன்னேன்!" ஜெயப்பிரகாஷ் சார் எழுந்துபோய் பானட்டுல ஒரு தட்டு தட்டினார். "யாருங்க அது? முதல்ல ஓட்டக் கத்துக்கிட்டு வாங்க!"

கதவு திறந்துச்சு. இறங்கினது நந்தினி. சாரோட வீட்டம்மா. கூட வேற யாரும் இல்ல.

"கத்துக்கிட்டுத்தாங்க வர்றேன்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "துரைராஜ் அண்ணே! வடக்குத்து வரைக்கும் தனியாவே போயிட்டு வந்துட்டேன்!"

"அடி சக்கை! இதுதான் தங்கச்சி வேணும்!" துரைராஜ் குதிச்சே எழுந்தார். அந்த வேர்வைக்குக் காரணம் அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

சாருக்கு வாய் குழறுச்சு. "நீ... காலையில வாக்கிங் போறேன்னுல்ல சொன்ன?"

"ரெண்டு வாரம் முன்னாடி நம்ம பாப்பாவுக்கு மூச்சுத் திணறினப்ப, நீங்க கம்பெனி பஸ்ல மைன்ஸுக்குப் போயிருந்தீங்க. வண்டி வாசல்ல நிக்குது, லைசென்ஸ் பீரோவுல இருக்குது, நான் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுக்கு ஓடினேன். மறுநாளே அண்ணன்கிட்ட ஓட்டக் கத்துக்குடுங்கன்னு போய் நின்னேன்."

சார் துரைராஜ் பக்கம் திரும்பினார். "யோவ், இவ்வளவு திட்டினேனே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நிறுத்திப்புடுவீங்களே சார். பக்கத்துல உக்காந்து கத்துக்குடுக்குறவனுக்கு ரெண்டு திட்டு வுழுந்தா என்ன, குறைஞ்சா பூடுவேன்?"

"பிச்சாவரத்துக்கு முதல் வண்டி துரைராஜோடது!" ஹபீப் பாய் கத்தினார். ராஜேந்திரன் விசிலே அடிச்சுட்டார்.

சத்தம் அடங்கற வரைக்கும் சார் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார். அப்புறம் தன் வண்டிச் சாவிய எடுத்து நந்தினி கையில வச்சார். வச்சும் மனசு ஆறல போல.

"இருந்தாலும், என்கிட்டயே மறைச்சுட்டியே நந்தினி..."

"நான் எங்கங்க மறைச்சேன்? இந்த வாரம் பூரா உங்க கண்ணு முன்னாடிதானே போனேன்!"