தொட்டிலுக்கு ஒரு சொல்

ஆங்கிலக் கதைகளில் வரும் காது கூர்த்த எல்ஃப் தேவதைகளுக்கென்று ஜெசிந்தாவும் அவள் அக்கா பிலோமினாவும் சிறுவயதில் ஒரு மொழி கட்டினார்கள். சினிமாப் பாட்டு, சுவரில் எழுதியிருக்கும் பொன்மொழி, எது கிடைத்தாலும் அந்த மொழிக்கு மாற்றிவிடுவார்கள். விதி ஒன்றுதான். ஒருத்தி கொண்டுவரும் சொல்லை மற்றவளும் வாய்விட்டுச் சொன்னால்தான் அது மொழியில் சேர்த்தி. வீட்டுப் பாகப்பிரிவினையில் அக்கா தங்கை பேச்சு நின்றது, மொழியும் அதோடு நின்றது.

இப்போது ஜெசிந்தாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. அக்கா பார்க்க வரவில்லை. தாலாட்டை அந்த மொழிக்கு மாற்ற உட்கார்ந்தவளுக்குத் தொட்டிலுக்குச் சொல் இல்லை.

"நீயே ஒண்ணு வச்சுக்கோயேன். எந்த எல்ஃப் வந்து கேக்கப்போவுது?" என்றான் கணவன்.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. 'தொட்டிலுக்கு லூமரி' என்று மட்டும் சொல்லி அக்காவுக்குக் குரல்பதிவு அனுப்பினாள்.

சாயங்காலம் பதில் வந்தது. "லூமரியா? சோப்புப் பேரு மாதிரில்லா இருக்குட்டி. 'லூவன்'னு வையி."

ஜெசிந்தா சத்தம் வராமல் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தித்தித்தது.

"சரியில்லக்கா," என்று பதில் அனுப்பினாள். "நேர்ல வந்து தொட்டிலப் பாத்துட்டு வேற யோசி."