மூன்றாவது தாலி வாழைக்கு

"வாழைக்குத் தாலி கட்ட மாட்டேன்" என்று தருமன் சொன்னதும் சத்திரத்தில் மேளம் நின்றுவிட்டது.

அறைக்குள் மணப்பெண் கோலத்தில் உட்கார்ந்திருந்த பச்சையம்மாள் கதவுப் பக்கம் காதைக் கொடுத்தாள்.

தருமனுக்கு இரண்டு பெண்டாட்டிகள் செத்துப்போயிருந்தார்கள். மூன்றாவதாக வருகிறவள் தங்க மாட்டாள் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் மூன்றாவது தாலியை ஒரு வாழைக்கன்றுக்குக் கட்டி, அதை வெட்டிச் சாய்த்துவிட்டு, அப்புறம்தான் பெண் கழுத்தில் கட்டுவார்கள். வருகிற ஆபத்து வாழையோடு போய்விடும்.

கன்றும் தயாராக, மஞ்சள் துணி சுற்றி மணவறை ஓரத்தில் நின்றது. கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு அதை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தவன் அப்பாசாமி. செத்துப்போன இரண்டாவது பெண்டாட்டியின் அண்ணன். வெட்டுவதற்கு அரிவாளும் அவனே கொண்டுவந்திருந்தான்.

"பாத்தியாடி, நீ செத்தாலும் பரவாயில்லன்னு நெனைக்கிறான்" என்றாள் அத்தை காசியம்மாள், காதோரமாக.

இது ஆசைப்பட்டு நடக்கிற கல்யாணம் இல்லை. தருமனின் இரண்டு பெண் குழந்தைகளுக்குச் சோறு போட ஆள் வேண்டும். முப்பது வயது தாண்டியும் அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த பச்சையம்மாளுக்கு ஒரு வீடு வேண்டும். அவ்வளவுதான் பேச்சு. அதற்காக உயிரையா கொடுக்க முடியும்?

ஒரு சந்தேகம் வந்தால் அதன் பின்னாலேயே நாலு வரும். இரண்டாவது பெண்டாட்டி சந்திரம்மாளை வயிற்றுவலி என்று மெட்ராசுக்குக் கூட்டிப் போனவன் தனியாகத்தான் திரும்பினான். அங்கேயே எரித்துவிட்டேன் என்றான். முகம் பார்த்தவர் யாருமில்லை. அவளுக்கு வருஷத் திதிகூட அவன் கொடுத்ததில்லையாம்.

கொன்றிருப்பானோ?

பச்சையம்மாள் எழுந்துவிட்டாள். கல்யாணப் பெண் இப்படி வெளியே வரலாமா என்று அத்தை பதறினாள். வந்தால் என்ன, போகப்போவது யார் உயிர்?

தருமனைச் சத்திரத்தின் பின்கட்டுக்கு அழைத்தாள். சமையல் புகைக்கு நடுவே நின்று நேராகவே கேட்டாள்.

"சந்திரம்மாள என்ன பண்ணீங்க?"

அவன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். குரல் எழும்பவேயில்லை.

"அவ சாகல. மனசுக்குப் புடிச்சவனோட பெங்களூர்ல இருக்கா. நான்தான் ரயில் ஏத்திவிட்டேன். அவ அண்ணனுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் உசுரோட விடமாட்டான். அதான் எரிச்சுட்டேன்னு சொன்னேன். ஊருக்குச் சொன்ன பொய்ய சாமி முன்னாடி சடங்கா வேற பண்ணணுமா?"

நல்ல கதைதான். சொல்லத் தெரிந்தவன் எதையும் சொல்வான். நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னா மாப்ள, என் தங்கச்சி செத்ததுல ஏதாவது சந்தேகமா?"

திரும்பினால் வாசலில் அப்பாசாமி. சிரித்துக்கொண்டுதான் கேட்டான். கண் மட்டும் தருமனின் முகத்தை விட்டு நகரவில்லை.

பொய்யாக இருந்தால் போகப்போவது தன் வாழ்க்கை. மெய்யாக இருந்துவிட்டால்? எங்கோ ஒருத்தி அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பாளே என்று பச்சையம்மாள் நினைத்தாள்.

"எனக்குத்தான்ணா சந்தேகம்" என்றாள் உரக்க. "இப்ப தீந்துபோச்சு. அவரு கட்டுவாரு, வாங்க."

மேளம் மறுபடி முழங்கியது. தருமன் தலையைக் குனிந்துகொண்டு வாழைக்குத் தாலி கட்டினான்.

அப்பாசாமி அரிவாளை ஓங்கினான். ஒரே வெட்டில் கன்று சாய்ந்தது.

போதும் என்றார் ஐயர். அவன் நிறுத்தவில்லை. கீழே கிடந்த தண்டை, பல்லைக் கடித்துக்கொண்டு, துண்டு துண்டாகும்வரை வெட்டினான்.

அப்போதுதான் பச்சையம்மாள் தருமனை முழுசாக நம்பினாள்.