பாலத்துக் கல்லில் ஒரு பெயர்

துவான் என் பெயரைத் திருடிவிட்டான் என்று ஒன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் பாலங்களுக்கு வரைபடம் போட்ட பொறியாளர்கள். நான் மேசையோடு இருந்துவிட்டேன். அவன் கட்சியில் சேர்ந்து, படிப்படியாக ஏறி, எங்கள் ஊருக்கே மேயராக வந்து நின்றான். வந்த கையோடு ஆற்றுப் பாலத்தை என்னிடம் கொடுத்தான். அதற்காக அன்றைக்கு நான் சந்தோஷப்பட்டதும் உண்மைதான்.

மூன்றாவது தூணில் சண்டை வந்தது. பாறை இன்னும் நாலு மீட்டர் கீழே இருக்கிறது, தோண்டியே ஆகவேண்டும் என்றேன். அக்டோபர் ஒன்று, சீனத் தேசிய தினத்தன்று திறப்பு விழா, மேலிடத்து உத்தரவு, நாள் இல்லை என்றான்.

"நீயும் பொறியாளன்தானே துவான்? உனக்கே தெரியாதா?"

"தெரியும். இதோட நிறுத்து."

"அப்படின்னா ஆழத்தைக் குறைச்சுத் திருத்தின வரைபடத்துல நான் கையெழுத்து போடமாட்டேன்."

"வேண்டாம். நான் போட்டுக்கறேன்."

எதற்கு அப்படிச் சொன்னான் என்பது திறப்பு விழா அன்றுதான் எனக்குப் புரிந்தது. என் மனைவி ரூயிங் கேமராவோடு வந்திருந்தாள். பாலத்து முனையில் கல் பதித்திருந்தார்கள். 'வடிவமைத்தவர்' என்ற இடத்தில் துவான்!

"உங்க பேரு எங்கேங்க?" என்றாள் ரூயிங். பெரிய ஆளாகிவிட்டால் கூச்சநாச்சம் போய்விடும் போல என்று வழியெல்லாம் புலம்பினாள்.

அந்தப் பாலத்தைக் காட்டியே அவன் மாகாணத் துணை ஆளுநர் ஆனான். நான் வருடம் தவறாமல் அரசாங்கத்துக்கு மனு போட்டேன். பாலம் நான் போட்டது, கல்லில் என் பெயரை வெட்டுங்கள் என்று. ஒன்றுக்கும் பதில் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

போன ஜூலை வெள்ளத்தில் மூன்றாவது தூண் ஒரு முழம் இறங்கியது. முன்கூட்டியே வண்டிகளை நிறுத்திவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பெய்ஜிங்கிலிருந்து விசாரணைக்கு வந்தவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். போனால் திரும்பமாட்டேன் என்றே ரூயிங் நினைத்தாள். அழுதுகொண்டே மாற்றுத் துணி எடுத்து வைத்தாள்.

விசாரணை அதிகாரியான ஒரு பெண்மணி என்னுடைய ஒன்பது மனுவையும் மேசையில் பரப்பினார். எல்லாம் சுற்றிச் சுற்றி துவானிடமே போயிருக்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவன் எழுதியிருந்தான்: 'பொறியாளர் பெய்யின் பெயரைச் சேர்க்க வேண்டாம்.'

"கல்லுல பேர் இருக்கறவர்தான் ஆயுசுக்கும் பொறுப்பு, பெய் ஐயா. அது சட்டம். அவர் முந்தாநாளே வந்து எல்லாம் என் பொறுப்புன்னு ஒத்துக்கிட்டார், உள்ள இருக்கார். இதுல ஒரு மனுவை அவர் ஏத்துக்கிட்டிருந்தாலும் இன்னிக்கு உங்களைத்தான் உள்ள வச்சிருப்போம்."



அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"உங்க வாக்குமூலம்தான் பாக்கி. நீங்களே சொல்லுங்க. இந்தப் பாலத்தை வடிவமைச்சது யாரு?"

ஒன்பது வருடம் ஊரெல்லாம் கத்திய பதில் தொண்டைவரை வந்தது. ரூயிங் மாற்றுத் துணி வைத்த பை மடியில் இருந்தது.

"துவான்தான்" என்றேன்.