நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

மதனுக்குப் பச்சைச் சால்வை போர்த்தினார்கள். மேதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கை மட்டும் எல்லோரோடும் சேர்ந்து தட்டிக்கொண்டுதான் இருந்தது.

சாணக்யபுரி விருந்தினர் மாளிகையில் ஒரு சின்னக் கூடம். ஒன்றாகச் சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்ஸி. முடித்து, டெல்லிக்குப் பிழைக்க வந்த ஒன்பது பேரும் பன்னிரண்டு வருடம் கழித்துக் கூடியிருந்தார்கள். வெளியே நவம்பர் மாதப் புகை. ஜன்னல்களை இறுகச் சாத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து இருமிக்கொண்டே இயற்கையைப் பற்றிப் பேசினார்கள்.

ஒருத்தன் சாயப்பட்டறைக் கழிவுநீரைக் காகிதத்திலேயே சுத்தம் செய்து தருகிறான். ஒருத்தி சோப்புக் கம்பெனிக்கு வருடா வருடம் பசுமை அறிக்கை எழுதுகிறாள். ராஜகோபால் ஐ.ஏ.எஸ். கோச்சிங் வகுப்பில் ஓசோன் பாடம் நடத்துகிறான். இருக்கிறவர்களில் அவன் ஒருவனால்தான் யாருக்கும் கெடுதல் இல்லை.

மதன் சொந்தமாக ஆலோசனை நிறுவனம் வைத்திருந்தான். சுரங்கமோ குவாரியோ தொடங்க நினைப்பவர்களுக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை தயாரித்துக் கொடுப்பது தொழில்.

அப்படி வரும் அறிக்கைகளை, அனுமதிக் குழு பார்க்கும் முன்னால் வரிவரியாகப் படித்துக் குறிப்பு எழுதுவது மேதாவின் வேலை. ஒப்பந்த வேலை. டிசம்பரோடு முடிகிறது.

போன செவ்வாய்க்கிழமை மதனின் அறிக்கை அவள் மேசைக்கு வந்தது. ராஜஸ்தானில் ஒரு மலையை உடைக்கப்போகும் கல்குவாரி. மலையடியில் ஒரு கிராமம். அந்த ஊருக்குக் குடிக்க இருப்பது மலையிலிருந்து கசியும் ஒரே ஓர் ஊற்று.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். மலையில் காணப்படும் தாவரங்கள்: அலையாத்தி, சுரபுன்னை, தில்லை.

எல்லாம் கடலும் ஆறும் கலக்கிற சேற்றில் வளரும் மரங்கள். வருடத்தில் பாதி நாள் தண்ணீரைக் கண்ணால் காணாத பாறைமேல் அவற்றைக் கொண்டுபோய் நட்டிருந்தான் மகராசன். கீழே, 'நீர்நாய், இரண்டு' என்று வேறு.

அந்த இரண்டு நீர்நாய்களையும் மேதாவுக்கு நன்றாகத் தெரியும். படிக்கிற காலத்தில் பிச்சாவரம் போனபோது, படகில் உட்கார்ந்து நனைந்த நோட்டில் அவள் எழுதிய பட்டியல் அது. நாலு வருடம் முன்பு, பழைய நினைவுகளைப் பகிருங்கள் என்று வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் மதன் கேட்டான். அவள்தான் ஆசை ஆசையாகப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினாள்.

குழுவின் பெயர் 'தொடர்பில் இருப்போம்'.

ஈயடிச்சான் காப்பி. அந்த மலைப்பக்கம் ஓர் ஆள்கூட எட்டிப் பார்க்கவில்லை. கள ஆய்வு நடக்கவில்லை என்று அவள் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். கோப்பு திரும்பிவிடும், ஊற்று பிழைத்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை முழுக்கப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாளைக்கு அனுமதிக் குழு கூடுகிறது.

"நம்ம பேட்ச்ல உருப்பட்டவன் இவன் ஒருத்தன்தான், இல்லடி?" என்றாள் ஜ்யோத்ஸ்னா, பனீரை மென்றபடி.

மேதாவால் தட்டைத் தொட முடியவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, இயற்கை நம் எல்லோருக்கும் தாய் என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தான் மதன். அதற்கும் கைதட்டல். எழுந்து ஒவ்வொரு முகத்திலும் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. உள்ளங்கை பிசுபிசுத்தது. துப்பட்டாவில் துடைத்தாள். போகவில்லை.

பேசி முடித்து, மதன் நேராக அவளிடம் வந்தான். வாயெல்லாம் பல். குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"நல்லவேளை மேதா, பாத்த உடனே ஃபோன் பண்ணிச் சொன்னே. நீ எழுதிக் குடுத்த புதுப் பக்கத்தைச் சேத்தாச்சு. ஜனவரி ஒண்ணாம் தேதி நம்ம ஆபீஸுக்கு வந்துடு."

அவள் சிரித்தாள்.

புதுப் பக்கத்தில் பிழை என்று ஒன்று கிடையாது. வன்னி, கருங்காலி, இலந்தை. மயில் உண்டு, கீரி உண்டு. முனிர்காவில் தன் வாடகை அறையில், இரண்டு புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதியது.

அந்த மலையை அவளும் பார்த்ததில்லை.