ஐந்தாவது ஸ்லைடு

"மூணு வாரமா என் மானம் கப்பலேறுது. அஞ்சாவது ஸ்லைடு வந்தா போதும், டிவி பட்டுன்னு அணைஞ்சு மீட்டிங்கே கலைஞ்சு போகுது. இன்னிக்கும் அணைஞ்சா நீ வேற வேலை பாத்துக்கோ!" என்று எகிறினார் மேனேஜர்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் ஆள் மறுபடியும் டிவியின் பின்பக்கம் குனிந்தான். டிவியோடு இணைந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டியில் அவன் குடையாத இடமில்லை. டிரைவர் மென்பொருளை மாற்றிப் போட்டாயிற்று. ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றித் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டாயிற்று. அப்படியும் போன வாரம் ஐந்தாவது ஸ்லைடின்போது 'பவர்' பட்டனின் சிக்னல் வந்ததாகப் பெட்டியில் பதிவாகியிருந்தது. யாரோ வேறு எதையோ வைத்து அமுக்குகிறார்கள்.

யாரென்று தேடி அலுத்துப்போனவன், டிவியில் ரிமோட் சிக்னல் வாங்கும் சின்னக் கண்ணின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டான்.

மீட்டிங் தொடங்கி, ஐந்தாவது ஸ்லைடும் வந்தது. 'வேலை ஏன் இன்னும் முடியவில்லை?' என்று முதலாளியே போடச் சொன்ன கேள்வி, திரையில் அணையாமல் நின்றது. முதலாளி மேனேஜரைப் பார்த்தார்.

வேர்த்து விறுவிறுத்த மேனேஜர், கையிலிருந்த செல்போனை ரிமோட் போல டிவி பக்கம் நீட்டி நீட்டி அமுக்கினார். பிறகு சிஸ்டம் ஆளின் காதருகே குனிந்தார்.

"என்னப்பா, இன்னிக்கு அணையவே மாட்டேங்குது?"