கவிழ்த்து வைத்த பரிசல்

நாகமரைப் பக்கம் பரிசல் கவிழ்த்து வைத்திருக்கும் கரையில் வேறு யாரும் இறங்குவதில்லை. அது ஊர் வழக்கம். அன்று நான், நிசார், நவநீதன் மூவரும் மீன் வறுத்துச் சாப்பிட நிழலான கரை தேடிப் பரிசலில் போனோம். ஏறும்போதே நிசாரின் செருப்பு வார் அறுந்தது. புது ஊக்கு ஒன்றைக் குத்திக்கொண்டான்.

முதலில் பார்த்த நல்ல கரையில் ஒரு பரிசல் கவிழ்ந்து கிடந்தது. ஆள் யாரும் இல்லை. அடுத்த கரையிலும் அதே பரிசல். முதுகில், எங்கள் பரிசலில் இருப்பதுபோலவே மஞ்சள் உரச்சாக்கு ஒட்டு. மூன்றாவது கரையிலும் அதுவே கிடந்தது.

"நமக்கு முன்னாடியே போய்ப் போய் எடம் புடிக்கிறானுங்க! ஆறு என்ன இவனுங்க அப்பன் வூட்டுச் சொத்தா?" என்று கத்தினேன்.

"வுட்றா, வேற கரை பாக்கலாம்" என்றான் நவநீதன்.

"எதுக்கு வுடணும்? மணி ரெண்டாச்சு, எறங்குங்கடா!"

வழக்கமாவது மண்ணாவது என்று நேரே போய் அந்தப் பரிசலைப் புரட்டித் தள்ளினேன். அடியில் மூன்று ஜோடிச் செருப்புகள் வரிசையாக இருந்தன. ஒன்றின் வாரில் ஊக்கு.

"திருட்டுப் பசங்க, நம்ம செருப்பையே..." என்று ஆரம்பித்தேன்.

நிசார் தன் காலைப் பார்த்தான். அவன் செருப்பு காலில்தான் இருந்தது. ஊக்கு பளபளத்தது.

கீழே இருந்த செருப்பின் ஊக்கு முழுக்கத் துருப்பிடித்திருந்தது.