வெற்றித்தூணடியில் நந்தியாவட்டை

போரில் இறந்த பிள்ளைகளைப் புதைத்த மயானத்தை இடித்து நிரவி, அதன்மேல் இராணுவம் வெற்றித்தூண் எழுப்பியது. அங்கே புல்லுக்குத் தண்ணீர் விடும் வேலையைத் தவமலர் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"அவங்கட தூணுக்குத் தண்ணி ஊத்துறாள்" என்று ஊர்ப் பெண்கள் அவளோடு கதைப்பதை விட்டார்கள். கிணற்றடியிலிருந்து கிழக்கே நாற்பத்திரண்டு அடி எடுத்து வைத்தால் மகள் கிடக்கும் இடம். அங்கே ஒரு நந்தியாவட்டைத் தடியை ஊன்றினாள். அது செழித்து, வெள்ளை வெள்ளையாய்ப் பூத்தது.

புதிதாக வந்த சிங்கள அதிகாரி ஒருநாள் அதன்முன் நெடுநேரம் நின்றார். பிடுங்கிவிடுவாரோ என்று தவமலர் வாளியை வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"அம்மா, நல்ல வடிவு. எல்லா இடமும் இதே வைங்க," என்றார் அவர்.

அன்று மாலையே அவள், மகள் கிடக்கும் இடத்தில் நந்தியாவட்டை பூத்ததையும் அதிகாரி கேட்டதையும், ஏசியவர்களிடம் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள்.

விடிந்ததும் கனகேஸ்வரி ஒரு நந்தியாவட்டைத் தடியோடு அவள் வாசல் படலையில் வந்து நின்றாள்.

"என்ர பெடியன் மூண்டாவது வரிசை, வேலிக்கரையில கடைசி. மறந்திடாத, பிள்ளை."

"ஆழமா ஊண்டுறன், அக்கா," என்று தவமலர் சிரித்தபடி அதை வாங்கி ஈரச்சாக்கில் சுற்றினாள். கனகேஸ்வரிக்குப் பின்னால், வேலிகளுக்கு இடையிலான ஒழுங்கையின் முடிவுவரை, பெண்கள் தடிகளோடு காத்து நின்றார்கள்.